சாம்பிள் வீடியோவில் குறை தெரிகிறதா? அது கேமராவின் குறைதானா என்று கண்டுபிடிக்கும் வழி

கேம்கோடர் வாங்கப் போகிறவர்கள், குறிப்பாகப் பழைய ஹேண்டிகேமைக் கைமாற்றாக வாங்குகிறவர்கள், முதலில் கேட்பது ஒரு சாம்பிள் வீடியோ. நல்ல பழக்கம்தான். ஆனால் அதில் தெரியும் குறையெல்லாம் கேமராவின் குறை என்று எடுத்துக்கொள்ள முடியாது. சில குறைகள் அந்த வீடியோ உங்கள் கைக்கு வந்து சேர்ந்த வழியில் உண்டானவை. சில, எடுத்தவர் வைத்திருந்த செட்டிங்கிலும் அன்றைய வெளிச்சத்திலும் வந்தவை. இவை இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் லென்ஸ், சென்சார், உள்ளே இருக்கும் பிராசசர் ஆகியவற்றின் சொந்தக் குறை. வாங்கிய பிறகு அதை யாராலும் மாற்ற முடியாது. பணம் கொடுப்பதா வேண்டாமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நல்ல கேமராவை ஒரு மோசமான கிளிப்பைப் பார்த்துவிட்டு ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வெயிலில் எடுத்த அழகான கிளிப்பைப் பார்த்துவிட்டு, மண்டபத்துக்குள் உதவாத கேமராவை வாங்குகிறவர்கள் அதைவிட அதிகம். இரண்டையும் தவிர்க்கலாம்.

முதலில், சரியான ஃபைல் கையில் இருக்கிறதா?

வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக வந்ததை வைத்து எந்தக் கேமராவையும் மதிப்பிட முடியாது. அது அளவைச் சுருக்கி, பிட்ரேட்டையும் (ஒரு விநாடி வீடியோவுக்குச் செலவாகும் டேட்டாவின் அளவு) வெகுவாகக் குறைத்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் ஃபைல் மாறாமல் வரும். கூகுள் டிரைவில் போட்டு, அங்கேயே ஓட்டிப் பார்க்காமல் இறக்கிப் பார்ப்பதும் சரி. யூடியூபில்தான் கிடைக்கிறது என்றால், தரத் தேர்வைத் தானாக விடாமல் இருப்பதிலேயே பெரியதை நீங்களே தேர்ந்தெடுங்கள். அப்போதும் நீங்கள் பார்ப்பது மறுபடி சுருக்கப்பட்ட பிரதியைத்தான். நிறம், ஃபோகஸ், நடுக்கம் ஆகியவற்றை அதில் ஓரளவு பார்க்கலாம். நாய்ஸையும் (படத்தில் மின்னும் புள்ளிகள்) நுணுக்கத்தையும் பார்க்க முடியாது.

விற்பவருக்கு அசல் ஃபைல் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் இருக்கலாம். சோனி ஹேண்டிகேமில் ஏவிசிஎச்டி முறையில் எடுத்திருந்தால், மெமரி கார்டில் பிரைவேட், ஏவிசிஎச்டி, பிடிஎம்வி, ஸ்ட்ரீம் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போனால் எம்டிஎஸ் என்று முடியும் ஃபைல்கள் கிடைக்கும். எக்ஸ்ஏவிசி எஸ் முறையில் எடுத்திருந்தால் பிரைவேட், எம்4ரூட், கிளிப் என்று போக வேண்டும். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோனி எச்டிஆர்-சிஎக்ஸ்405 போன்ற மாடல்களில், பெரிய ஃபைலோடு கூடவே 1280-க்கு 720 அளவில், விநாடிக்குச் சுமார் 3 மெகாபிட்டில் ஒரு சிறிய எம்பி4 பிரதியையும் பதிவுசெய்யும் வசதி உண்டு. அது போனில் பகிர்வதற்காக வைத்தது. விற்பவர் கைக்கு முதலில் கிடைப்பதும் அதுதான், அனுப்புவதும் அதைத்தான்.

ஃபைல் வந்ததும் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். அளவு, விநாடிக்கு எத்தனை ஃபிரேம், இன்டர்லேஸா (பாதிப் பாதிப் படமாக எடுத்தது) புரோகிரெசிவா (முழுப் படமாக எடுத்தது), பிட்ரேட் எவ்வளவு என்ற நான்கும் போதும். கீழே பல இடங்களில் இந்த நான்கும் தேவைப்படும்.

முடிந்தால் என்ன எடுத்து அனுப்ப வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். நல்ல வெயிலில் எடுத்த செம்பருத்திப் பூ எதையும் சொல்லாது. அந்த வெளிச்சத்தில் எல்லாக் கேமராவும் அழகாகத்தான் எடுக்கும். இரவில் டியூப்லைட் எரியும் அறையில் ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தலையைத் திருப்பிப் பேசுவது ஒன்று. அதே அறையில் ஜூம் முழுவதும் இழுத்து எடுத்தது ஒன்று. உச்சி வெயிலில் வெள்ளைச் சட்டையோடு ஒருவர் குறுக்கே நடந்து போவது ஒன்று. கேட் கம்பிகளையோ ஜன்னல் கிராதியையோ ஒட்டி மெதுவாகக் கேமராவைத் திருப்பியது ஒன்று. கடைசியாக லென்ஸை மூடிவைத்து எடுத்தது ஒன்று. ஒவ்வொன்றும் 20 விநாடி இருந்தால் போதும்.

படம் கட்டம் கட்டமாக உடைகிறது

முதலில் பிட்ரேட்டைப் பாருங்கள். சோனியின் ஏவிசிஎச்டி கேமராக்களில் எஃப்எக்ஸ் தரம் 24 மெகாபிட், எஃப்எச் சுமார் 17, எச்க்யூ சுமார் 9, எல்பி சுமார் 5. கார்டில் அதிக நேரம் எடுக்க வேண்டும் என்று யாரோ ஒருநாள் எல்பி-யில் வைத்திருப்பார்கள், பிறகு யாரும் மெனுவைத் தொட்டே இருக்க மாட்டார்கள். எச்டி படத்தை 5 மெகாபிட்டில் அடைத்தால், கேமரா எதுவானாலும் கட்டம் விழும். உயர்ந்த தரத்தில் மறுபடி ஒரு கிளிப் எடுத்துக் கேளுங்கள்.

24-லோ அதற்கு மேலோ இருந்தும் உடைகிறது என்றால், எப்போது உடைகிறது என்று பாருங்கள். இந்தச் சுருக்க முறைகள் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாகச் சேமிப்பதில்லை. ஏறக்குறைய அரை விநாடிக்கு ஒரு ஃபிரேமை மட்டும் முழுதாக எழுதிவிட்டு, இடையில் இருப்பவற்றில் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதும். அதனால் அசையாத காட்சி எப்போதும் அழகாக இருக்கும். ஒரே சமயத்தில் எல்லாம் மாறும் காட்சியில்தான் திணறும். மழை, காற்றில் ஆடும் தென்னை ஓலை, அலை எல்லாம் அந்த வகை. நம் கல்யாணத்தில் அப்படிப்பட்ட காட்சி தாலி கட்டும் நேரத்தில்தான் வருகிறது. நாலா பக்கமிருந்தும் அட்சதை பறக்கும், ஃபிளாஷ் வரிசையாக வெடிக்கும், எல்லாரும் எழுந்து நிற்பார்கள். விற்பவரிடம் பழைய கல்யாண கிளிப் இருந்தால் அந்தப் பத்து விநாடியைக் கேட்டு வாங்குங்கள். மற்ற எல்லாக் கிளிப்பையும்விட அது அதிகம் சொல்லும்.

அந்த இடத்தில் லேசாகக் கட்டம் தெரிந்து உடனே மறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அசையாத சுவரில்கூட அரை விநாடிக்கு ஒருமுறை அமைப்பு மாறி மாறித் துடிப்பது போலத் தெரிந்தால், அந்தக் கேமராவின் என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் பகுதி) சுமாரானது. அது மாறாது. 50 மெகாபிட் எக்ஸ்ஏவிசி எஸ் மாதிரி வேறு முறை அதே கேமராவில் இருந்தால் அதில் எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கட்டங்கள் ஒரே இடத்தில் பச்சையாகவோ சாம்பலாகவோ வந்து சில விநாடி உறைந்து நின்றால் அது வேறு விஷயம். ஃபைல் கெட்டிருக்கிறது, அல்லது கார்டு பழுது. வேறு கார்டில் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மினிடிவி டேப் கேமராவாக இருந்தால் ஹெட் (டேப்பைப் படிக்கும் பகுதி) அழுக்காக இருக்கலாம்; கிளீனிங் கேசட் போட்டும் போகவில்லை என்றால் ஹெட் தேய்ந்திருக்கும். இன்றைக்கு அதை மாற்றுவது கேமராவின் விலைக்கே கட்டுப்படியாகாது.

நகரும் பொருளின் ஓரத்தில் சீப்புப் பல்

குறுக்கே நடப்பவரின் கையில், கேட் கம்பியின் ஓரத்தில் மெல்லிய கிடைக்கோடுகள் சீப்புப் பல் மாதிரி நீட்டிக்கொண்டு தெரிகின்றனவா? மீடியாஇன்ஃபோவில் இன்டர்லேஸ் என்று இருக்கும். கேமரா ஒழுங்காகத்தான் இருக்கிறது. 50ஐ முறையில் விநாடிக்கு 50 பாதிப் படங்கள் எடுக்கப்படுகின்றன; உங்கள் பிளேயர் இரண்டு பாதியைச் சேர்த்து ஒரே படமாகக் காட்டுகிறது. வி.எல்.சி.யில் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸை ஆன் செய்து, முறையாக யாடிஃப் 2எக்ஸ் தேர்ந்தெடுங்கள். பல் மறைந்துவிடும், அசைவும் வழவழவென்று ஆகும்.

டீஇன்டர்லேஸ் செய்தும் பல் போகவில்லை என்றால், யாரோ அதை எடிட்டிங்கில் தவறாகச் சுருக்கி, பல்லைப் படத்திலேயே பதித்துவிட்டார்கள். அசல் ஃபைலைக் கேளுங்கள்.

அசைவு வெட்டி வெட்டிப் போகிறது

இதில் கேமராவைக் குறைசொல்வதற்கு முன் உங்கள் திரையைச் சந்தேகிக்க வேண்டும். நம் ஊர் கேமரா விநாடிக்கு 25 அல்லது 50 ஃபிரேம் எடுக்கிறது. பெரும்பாலான லேப்டாப் திரைகள் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. 50-ஐ 60-க்குள் பொருத்த, ஐந்து ஃபிரேமுக்கு ஒன்றை இரண்டு முறை காட்டியாக வேண்டும். மெதுவாகத் திருப்பிய காட்சியில் இது சிறு சிறு தடங்கலாகத் தெரியும். சரிபார்க்க எளிய வழி, கேமராவை எச்டிஎம்ஐ கேபிளில் நேரே டிவியோடு சேர்ப்பது. டிவி 50-லேயே ஓட்டும். அங்கே தடங்கல் இல்லையென்றால் விஷயம் முடிந்தது.

4கே ஃபைலாக இருந்து பழைய லேப்டாப்பில் திக்கினால், வி.எல்.சி.யின் டூல்ஸ் மெனுவில் கோடெக் தகவலைத் திறந்து ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பகுதியைப் பாருங்கள். இழந்த ஃபிரேம்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் உங்கள் கணினிதான் திணறுகிறது.

டிவியிலும் வெட்டுகிறதா? அப்படியானால் ஃபிரேம் எண்ணிக்கையைப் பாருங்கள். சோனி எஃப்டிஆர்-ஏஎக்ஸ்53 போன்ற கேமராக்கள் 4கே-யில் விநாடிக்கு 25 ஃபிரேம்தான் எடுக்கும். 50 வேண்டுமென்றால் முழு எச்டிக்கு இறங்க வேண்டும். 25-ல் வேகமாகத் திருப்பினால் எந்தக் கேமராவிலும் வெட்டும். வெயிலில் இது இன்னும் மோசமாகும். வெளிச்சம் அதிகம் என்பதால் ஆட்டோ ஷட்டர் (ஒரு ஃபிரேமுக்கு ஒளி வாங்கும் நேரம்) 1/500, 1/1000 விநாடி என்று ஏறிவிடும். ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனிப் புகைப்படம்போல் கூர்மையாக நிற்கும், இடையில் எதுவும் இணைக்காது. லென்ஸில் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) மாட்டி ஷட்டரை 1/50 அல்லது 1/100-க்குக் கொண்டுவந்தால் சரியாகும். விளையாட்டு, நடனம் எடுப்பதற்காக வாங்குகிறவர்கள் 4கே-யில் மயங்காமல் 50பி (விநாடிக்கு 50 முழு ஃபிரேம்) எச்டி கிளிப்பைப் பார்த்து முடிவெடுப்பது நல்லது.

பத்துப் பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் அரை விநாடி குதிக்கிறது என்றால், நீளமான பதிவைக் கேமரா 2 அல்லது 4 ஜிபி துண்டுகளாக உடைத்திருக்கிறது. துண்டுகளைத் தனித்தனியே இழுத்துப் போட்டு ஒட்டும்போது இணைப்பில் படமும் ஒலியும் சற்று விழும். அந்தந்த நிறுவனத்தின் மென்பொருள் வழியாக இறக்கினால் ஒரே ஃபைலாகச் சேரும்.

விளக்கொளியில் படம் துடிக்கிறது, பட்டை ஓடுகிறது

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வாங்கிக் கொடுத்த கேமராக்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். விற்பனைக்கு வருவதில் அப்படிப்பட்டவை நிறைய. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லா இடத்திலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலும் கனடாவிலும் 60. சாதாரணச் சோக் போட்ட டியூப்லைட்டும், மலிவான டிரைவர் உள்ள எல்இடி விளக்கும் மின்சாரத்தின் இருமடங்கு வேகத்தில், அதாவது இங்கே விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும். நம் ஊர் கேமரா 1/50 ஷட்டரில் எடுத்தால் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக இரண்டு துடிப்பை வாங்கும், எல்லா ஃபிரேமும் ஒரே வெளிச்சமாக இருக்கும். அமெரிக்கக் கேமரா விநாடிக்கு 60 ஃபிரேம், 1/60 ஷட்டர் என்று ஓடும். ஒரு ஃபிரேம் ஒன்றரைத் துடிப்புக்கும் மேலே கொஞ்சம் வாங்கும், அடுத்தது வேறு இடத்தில் தொடங்கும். அதனால் வெளிச்சம் ஏறி இறங்கும். சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் அது பட்டையாகவும் ஓடும்.

மீடியாஇன்ஃபோவில் 29.97 அல்லது 59.94 என்று இருந்தால் அது 60 ஹெர்ட்ஸ் கேமரா. வீட்டு உபயோகக் கேம்கோடர்களில் பலவற்றில் இதை மெனுவில் 50-க்கு மாற்றும் வசதி கிடையாது. விற்கும் நாட்டுக்கு ஏற்றபடி முடிவு செய்தே அனுப்புகிறார்கள். ஆனாலும் ஒரு வழி உண்டு. ஷட்டரைக் கையால் 1/100-ல் வைக்க முடிந்தால், ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக ஒரு துடிப்பை வாங்கும். 60 ஃபிரேமில் ஓடினாலும் துடிப்பு நின்றுவிடும். அதற்கு விலை, பாதியை நெருங்கும் அளவுக்கு வெளிச்சத்தை இழப்பது. நல்ல வெளிச்சமுள்ள மண்டபத்தில் சமாளிக்கலாம், வீட்டு அறையில் கஷ்டம்.

ஆகவே இந்த அறிகுறியைக் கண்டதும் விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: மெனுவில் ஷட்டர் வேகத்தை நாமே வைக்க முடியுமா? முடியும் என்றால் 1/100-ல் ஒரு கிளிப் எடுத்துக் கேளுங்கள். விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது. இல்லையென்றால், அந்தக் கேமரா எவ்வளவு புதிதாக இருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நம் ஊர் உள்ளரங்கு நிகழ்ச்சிக்கு அது வேண்டாம். பகலில் வெளியே எடுக்க மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். சூரிய ஒளியில் இந்தத் தொல்லை இல்லை.

25 அல்லது 50 ஃபிரேம் கேமராவிலேயே துடிப்பு தெரிந்தால், ஷட்டர் ஆட்டோவில் வேறு எண்ணுக்குப் போயிருக்கிறது. 1/50-ல் நிறுத்தினால் போய்விடும். எந்த ஷட்டரிலும் போகாத பட்டை, மேடையின் எல்இடி திரையிலிருந்தோ மங்கலாக்கி வைத்த அலங்கார விளக்கிலிருந்தோ வருகிறது. கேமராவின்மேல் பழி இல்லை.

இருட்டில் புள்ளி புள்ளியாக இருக்கிறது

கேம்கோடரின் தரம் என்று நான் நினைப்பதில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது. நம் வீட்டு நிகழ்ச்சிகள் டியூப்லைட்டுக்கு அடியில், சாமி அறையில், மாலை வரவேற்பில் நடக்கின்றன. அதில் எப்படி எடுக்கிறது என்பதை வைத்து மட்டுமே தேர்ந்தெடுத்தாலும் தவறாகாது.

முதலில் சென்சார் அளவு. சிஎக்ஸ்405-இல் இருப்பது 1/5.8 அங்குல வகை. மூலைவிட்டம் சுமார் 3.1 மில்லிமீட்டர். ஏஎக்ஸ்53-இல் 1/2.5 அங்குல வகை, சுமார் 7.2 மில்லிமீட்டர். பரப்பளவில் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரே அறையில் முதலாவதில் புள்ளி தெரிவதும் இரண்டாவதில் தெரியாமல் இருப்பதும் இயல்பு. சிறிய சென்சாரில் இரவு அறைக் காட்சி கொஞ்சம் புள்ளியோடு இருந்தால் அந்தக் கேமரா பழுதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அதன் எல்லை அது.

ஜூம் செய்தால் மட்டும் புள்ளி கூடுகிறதா? லென்ஸைப் பாருங்கள். சிஎக்ஸ்405-இன் லென்ஸ் விரிந்த நிலையில் (ஜூம் இழுக்காதபோது) எஃப் 1.8, முழு ஜூமில் எஃப் 4. அதாவது முழு ஜூமில் உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. குறைந்ததை ஈடுகட்டக் கேமரா கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏற்றுகிறது. 6 டெசிபெல் ஏற்றினால் சிக்னல் இருமடங்கு, புள்ளியும் அதோடு ஏறும். பின்வரிசையிலிருந்து ஜூம் போட்டு மேடையை எடுப்பதுதான் உங்கள் பழக்கம் என்றால், விரிந்த நிலையில் எடுத்த கிளிப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. முழு ஜூம் கிளிப்பைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் டிஜிட்டல் ஜூம் எண்ணைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். ஆப்டிகல் எண் மட்டும்தான் எண்.

புள்ளியே இல்லை, ஆனால் முகம் மழமழவென்று இருக்கிறது, தலைமுடி இழையிழையாகத் தெரியவில்லை, பட்டுப்புடவை வெறும் துணியாகத் தெரிகிறது என்றால், புள்ளி இல்லாமல் போகவில்லை; பிராசசர் அதைத் துடைத்திருக்கிறது, துடைக்கும்போது நுணுக்கமும் போயிருக்கிறது. என் கணக்கில் மெல்லிய புள்ளியோடு இருக்கும் படம் இதைவிட மேல். துடைப்பதை அளவாகச் செய்யும் கேமராவும் உண்டு, அளவு மீறிச் செய்வதும் உண்டு. பார்க்கும் முறை இதுதான்: கிளிப்பை வி.எல்.சி.யில் நிறுத்தி, ஆங்கில 'இ' எழுத்தை அழுத்தி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். முகம் அசையாமல் இருக்கும்போது புருவ முடி தெரிகிறதா? தலையைத் திருப்பியதும் அது கரைந்துபோய், நின்றதும் மறுபடி மெதுவாகத் திரும்பி வருகிறதா? அப்படியென்றால் கேமரா முந்தைய ஃபிரேம்களோடு கலந்து புள்ளியைத் துடைக்கிறது. இது கேமராவின் சுபாவம். மெனுவில் பெரும்பாலும் மாற்ற முடியாது.

அதே சோதனையில், அசையும் கைக்குப் பின்னால் நிழல்போல் ஒன்று இழுபட்டுத் தொடர்ந்தால், கலப்பதைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கலாம். ஆட்டோ ஸ்லோ ஷட்டர், லோ லக்ஸ் போன்ற பெயரில் ஒரு வசதி உண்டு. வெளிச்சம் போதாதபோது ஷட்டர் 1/50-லிருந்து 1/25-க்கு இறங்கும். படம் வெளிச்சமாகும், அசைவு கலங்கும். பல மாடல்களின் விவரப் பட்டியலில் 'குறைந்தபட்ச வெளிச்சம் 3 லக்ஸ்' என்று போடும் எண் இந்த 1/25-ல் எடுத்ததாகத்தான் இருக்கும். மெனுவில் அணைத்துவிட்டு மறுபடி எடுத்த கிளிப்பைப் பாருங்கள். இருட்டாகும், ஆனால் அதுதான் அந்தக் கேமராவின் உண்மையான திறன்.

இன்னொன்று: இருட்டான அறையைப் பகல் மாதிரி காட்டுவது நல்ல கேமராவின் அடையாளம் அல்ல. கெயினுக்கு வரம்பு வைக்கும் வசதி சில மாடல்களில் உண்டு. அது இருந்தால், மங்கலாக இருக்க வேண்டிய அறை மங்கலாகவே, சுத்தமாக வரும். வசதி இல்லாவிட்டால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவு) சற்றுக் குறைத்துவைத்து எடுத்துப் பாருங்கள். பல கேமராக்கள் அதிலேயே பிழைத்துக்கொள்ளும்.

வெள்ளை வேட்டி வெறும் வெள்ளைத் தாளாகத் தெரிகிறது

வெயிலில் வேட்டி, சட்டையின் மடிப்பெல்லாம் மறைந்து ஒரே வெள்ளையாக இருந்தால் உடனே சென்சாரைக் குறைசொல்ல வேண்டாம். வீடியோவில் கறுப்பு 16 என்றும் வெள்ளை 235 என்றும் கணக்கு. பல கேம்கோடர்கள் 235-க்கு மேலேயும், 255 வரை எழுதிவைக்கும். பிளேயர் அந்த மேல்பகுதியை வெட்டிவிட்டுத்தான் காட்டும். எடிட்டிங் மென்பொருளில் ஃபைலைப் போட்டு ஹைலைட்டை (மிக வெளிச்சமான பகுதி) மட்டும் இறக்கிப் பாருங்கள். மடிப்பு திரும்பி வந்தால் விவரம் ஃபைலுக்குள் இருக்கிறது, கேமரா நல்ல கேமரா. சாம்பல் நிறத் தாளாக மாறினால் உண்மையிலேயே எரிந்துவிட்டது. அப்போதும் எக்ஸ்போஷரைக் குறைத்து எடுத்த இன்னொரு கிளிப்பைப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். ஆட்டோ, கறுத்த பின்னணியைப் பார்த்து ஏமாந்திருக்கலாம்.

படம் முழுக்கவே வெளிறி, கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது என்றால் அது பிளேயருக்கும் திரைக்கும் இந்த 16–235 கணக்கில் ஒத்துவராமல் போனது. வேறு பிளேயரில் திறந்தால் சரியாகிவிடும். எல்லாக் கிளிப்பும் வெளிறியிருந்து, ஜன்னலுக்கு எதிரே எடுத்ததில் மட்டும் பனிமூட்டம்போல் அதிகமானால் லென்ஸில் கோளாறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நிறமும் ஃபோகஸும் அலைகின்றன

இரண்டையும் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் பெரும்பாலும் இரண்டும் செட்டிங்கில் தீரும். மண்டபத்தில் வெள்ளை எல்இடி, மஞ்சள் சீரியல் செட், வீடியோக்காரரின் விளக்கு மூன்றும் கலந்திருக்கும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைச் சரிசெய்யும் வசதி) ஒவ்வொரு பக்கம் திரும்பும்போதும் மாறும். ஒரு வெள்ளை வேட்டியை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, அதில் ஒயிட் பேலன்ஸை வைத்துப் பூட்டினால் நிற்கும். பூட்டிய பிறகும் தோல் நிறம் பச்சையாகத் தெரிந்தால், விளக்கின் குறையாக இருக்கலாம். பகல் வெளிச்சத்தில் எடுத்த முகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பகலிலும் பச்சை என்றால் கேமராதான்.

ஃபோகஸ், ஓமப் புகையிலும் மங்கலான வெளிச்சத்திலும் முன்னும் பின்னும் அலைவது சகஜம். எல்லைக்கோடு தெளிவாகத் தெரியாத காட்சியில் அதற்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. நல்ல வெளிச்சத்தில், அசையாத முகத்தில் அலைந்தால் மட்டும் கவலைப்படுங்கள். விரிந்த நிலையில் கூர்மையாக இருந்து முழு ஜூமில் எப்போதுமே மங்கலாக நின்றால், கேமரா எப்போதோ கீழே விழுந்திருக்கலாம். படத்தின் இடது ஓரம் மட்டும் கலங்கி, வலது ஓரம் சரியாக இருப்பதும் அதே கதைதான். அதைச் சரிசெய்யும் செலவு வாங்கும் விலையைத் தாண்டும்.

கூர்மை வந்து வந்து போகிறது, ஆனால் ஃபோகஸ் நகரவில்லை என்றால் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசர் ஃபிரேம்களை ஒன்றோடொன்று பொருத்தி ஆட்டத்தை மறைக்கும். ஒரு ஃபிரேமுக்குள் 1/50 விநாடியில் விழுந்த கலங்கலை அதனால் எடுக்க முடியாது. ஸ்டாண்டில் வைத்து ஸ்டெபிலைசரை அணைத்து எடுத்த கிளிப்பில் அந்தக் கலங்கல் இருக்காது. ஸ்டாண்டில் திருப்பும்போது படம் முதலில் ஒட்டிக்கொண்டு நின்று பிறகு குதித்தால், அதற்கும் காரணம் ஸ்டெபிலைசரை அணைக்காததே.

ஓரங்களில் வெள்ளைக் கோடு, ஊதா, ஜரிகையில் வானவில்

வானத்துக்கு எதிரே நிற்கும் கோபுரத்தின் ஓரத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால், கேமரா செயற்கையாகக் கூர்மை ஏற்றியிருக்கிறது. சின்ன டிவியில் பார்த்தால் 'பளிச்' என்று இருக்கும். பெரிய திரையில் உறுத்தும். மெனுவில் ஷார்ப்னஸைக் குறைக்கும் வசதி இருந்தால் பிரச்சினை இல்லை. முழு ஜூமில் ஓரங்கள் ஊதாவாகத் தெரிவது லென்ஸின் குணம். இவ்வளவு சிறிய லென்ஸில் 20 மடங்கு, 30 மடங்கு ஜூம் கேட்டால் கொஞ்சம் வரத்தான் செய்யும்.

ஜரிகையிலும், நெருக்கமான கட்டம் போட்ட சட்டையிலும், தகரக் கூரையிலும், உண்மையில் இல்லாத நிறக் கோடுகள் நெளிந்தால், சென்சார் எல்லா வரியையும் படிக்காமல் தாண்டிப் படிக்கிறது, அல்லது படத்தைச் சரியாகச் சுருக்கவில்லை என்று எண்ணலாம். முழுத் திரையில், ஒன்றுக்கு ஒன்று அளவில் பார்த்த பிறகே சொல்லுங்கள். சிறிய ஜன்னலில் பிளேயரைச் சுருக்கி வைத்தாலே இந்த நெளிவு வந்துவிடும்.

ஃபிளாஷ் வெடிக்கும்போது படத்தின் பாதி மட்டும் வெளுப்பதும், ஓடும் பஸ்ஸிலிருந்து எடுத்த மின்கம்பங்கள் சாய்ந்து தெரிவதும், வரிவரியாகப் படிக்கும் சிமாஸ் சென்சார் எல்லாவற்றிலும் வரும். சிசிடி என்ற வேறு வகைச் சென்சார் உள்ள பழைய கேமராக்களில் அது இருக்காது. அதற்குப் பதில் பிரகாசமான விளக்கிலிருந்து மேலும் கீழும் ஒரு ஒளிக்கோடு இழுபடும். எதுவும் பழுது அல்ல.

எல்லாக் கிளிப்பிலும் ஒரே இடத்தில் புள்ளி, அல்லது புகைமூட்டம்

கைமாற்றாக வாங்குகிறவர்கள் இதைத் தவறவே விடக் கூடாது. லென்ஸை மூடி எடுத்த கிளிப்பைத் திரையின் வெளிச்சத்தை ஏற்றி, அறை விளக்கை அணைத்துப் பாருங்கள். மாறி மாறி மின்னும் புள்ளிகள் நாய்ஸ். அவை எல்லாக் கேமராவிலும் உண்டு. ஒரே இடத்தில் சிவப்பாகவோ வெள்ளையாகவோ அசையாமல் நிற்கும் புள்ளி, கெட்டுப்போன பிக்சல். ஒன்றிரண்டு என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஒரு கோடாகவே இருந்தால் வேண்டாம். மேடையின் லேசர் விளக்கு நேராகப் பட்ட சென்சார்களில் இப்படிக் கோடு விழுவதுண்டு.

பகல் வெளிச்சத்தில் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்த கிளிப்பில் மங்கலான வட்டம் ஒன்று ஒரே இடத்தில் நின்றால் தூசி. ஜூம் செய்யும்போது அதன் அளவும் இடமும் மாறினால் லென்ஸில்; முன்பக்கத்தில் என்றால் துடைத்தால் போய்விடும். மாறாமல் நின்றால் சென்சாருக்கு அருகில், நாமே திறக்கக் கூடாத இடத்தில்.

ஜன்னலுக்கு எதிரே எடுத்ததில் மட்டும் படம் பனிமூட்டமாகி, விளக்குகளைச் சுற்றிப் பெரிதாக ஒளி பரவினால் லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கலாம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரத்தில் பீரோவுக்குள் வருஷக்கணக்கில் பூட்டி வைத்த கேமராக்களில் இது வரும். கிளிப்பில் சந்தேகம் வந்தால், நேரில் போகும்போது கைபேசியின் டார்ச்சை லென்ஸின் முன்னால் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் வாங்க வேண்டாம். தெரியவில்லை என்றால் உங்கள் சொந்த மெமரி கார்டைப் போட்டு, மேலே சொன்ன அறைக் காட்சியை அங்கேயே எடுத்து, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.